காக்காய் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருப்பவர்களுக்கும், கீழே காப்பிக்கடையில் தினமும் சாப்பிடுபவர்களுக்கும், கடை நடத்துபவருக்கும் வணக்கம்.

நகர மன்றத்துக்குப் போகவிருக்கும் மனு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன், 47 கையெழுத்து. ஒன்பதாம் மாடி அண்ணன் பேனாவும் கையுமாக வந்து கதவைத் தட்டியபோது, "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று நழுவிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அதற்கப்புறம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார். யோசித்துவிட்டேன் அண்ணே. பதில் கொஞ்சம் நீளம். அதனால் மடலாக எழுதி மனுவுக்குப் பக்கத்திலேயே ஒட்டுகிறேன். மற்ற மொழிக்காரர்களுக்காக என் மகள் இதை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கித் தந்திருக்கிறாள். அதில் இல்லாத ஒரு பகுதி இதில் உண்டு. அது நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது, கடைசிப் பக்கம் வரும்.

மனு மூன்று விஷயம் கேட்கிறது. கடையோரம் நிற்கும் பெருங்கொன்றை மரத்தை வெட்ட வேண்டும். கூட்டைக் கலைத்துக் காக்கைகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால், முன்பு சிங்கப்பூரில் செய்ததுபோல் சுட வேண்டும்.

காக்கையால் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தட்டைப் பறிகொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு முட்டை பிராட்டா, ஒரு சாதா பிராட்டா, கிண்ணத்தில் மீன் குழம்பு. எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு தே தாரிக் வாங்கப் போனேன். பத்தடி தூரம்தான். திரும்பிப் பார்த்தால் குழம்புக் கிண்ணம் கவிழ்ந்து, மேசையில் ஓடி, நாற்காலியில் வைத்திருந்த பையின் ஜிப்புக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. சாதாவை எடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். முட்டை பிராட்டாவைத்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

கோபத்தோடு அது போன திசையைப் பார்த்தபோதுதான் இந்த விவகாரமே எனக்குச் சுவாரசியமானது. கடைக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தேங்குகிற ஒரு குழி இருக்கிறதல்லவா, அங்கே போய் உட்கார்ந்தது. மொறுமொறுவென்றிருந்த ஓரத்தை மட்டும் பிய்த்துக் காலால் அழுத்திக்கொண்டு, தண்ணீரில் இரண்டு முறை முக்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னும் ஊறவில்லை போலிருக்கிறது, மறுபடி முக்கியது. அப்புறம் நிதானமாக விழுங்கியது. எங்கள் அப்பா பல் போன பிறகு பிராட்டாவைத் தேயில் முக்கிச் சாப்பிட்டது இதே மாதிரிதான்.

மற்றவர்கள் அனுபவமும் தெரியும். ஆறாம் மாடி மக்சிக்கின், அதாவது மலாய்க்கார அம்மாவின், நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றிலிருந்து கோழி இறக்கை போனது. உயர்நிலைப் பள்ளிச் சீருடையில் வருகிற பையனின் மீன் உருண்டை, அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே குச்சியோடு போனது. வழுக்கைத் தலை அங்கிள் ஒருவர், பின்னாலிருந்து வந்து மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனதாகச் சொல்லித் தினம் ஒருவரிடம் தலையைக் குனிந்து காட்டுகிறார். தள்ளுவண்டிக் குழந்தையோடு வருகிற அந்த அம்மா இப்போது எதிர்ப்புறக் கடைக்கே போய்விட்டார். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருப்பது அதுதான். இறக்கை போனால் இன்னொன்று வாங்கலாம். பயந்து போனவர் திரும்பி வருவது கஷ்டம்.

அதனால் இரண்டு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, மதியம் வரைக்கும் பார்த்தேன். வீட்டில், "ஓய்வு பெற்றவருக்கு நல்ல வேலை கிடைச்சிருக்கு" என்றார்கள். பரவாயில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தட்டில் காக்கை வாய் வைப்பது அபூர்வம். அந்தப் பையனைப்போல் கண் தட்டில் இல்லாவிட்டால்தான் துணிகிறது. நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசித் திருட்டு ஆள் இல்லாத தட்டில்தான். இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட்டை வைப்பது நம் ஊர் வழக்கம். அதை விட்டுவிட்டு, வாங்கிய சோற்றுத் தட்டையே வைத்து இடம் பிடித்துவிட்டு அடுத்த கடை வரிசையில் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ததும் அதுதானே. காக்கைக்கு அது பந்தி போட்டு அழைப்பு வைத்த மாதிரி.

மற்ற இடம், தட்டுகளைத் திருப்பி வைக்கிற அடுக்கு. உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்தும், நம்முடையதுபோன்ற காப்பிக்கடைகளில் 2022 ஜனவரியிலிருந்தும் தட்டை எடுத்து வைக்காவிட்டால் முதலில் எச்சரிக்கை, மறுபடி சிக்கினால் 300 வெள்ளி அபராதம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். மேசைகள் சுத்தமாகிவிட்டன, பழைய கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் முப்பது மேசையில் பரவிக் கிடந்த எச்சில் இப்போது ஒரே இடத்தில் குவிகிறது. அந்த அடுக்கு எங்கே நிற்கிறது? சாக்கடையோரம், கூரை முடிகிற இடத்தில், பெருங்கொன்றையின் கிளைக்கு நேர் கீழே. மூன்று பக்கமும் திறப்பு. பன்னிரண்டரை மணிக்கு அது நிரம்பி வழிகிறது. தட்டுக்கு மேல் தட்டு, மேலே பாதி மீன் தலை. பக்கத்துத் தொட்டிக்கு மூடி உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் திறக்கச் சோம்பல்பட்டு யாரோ ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிரந்தரமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

துப்புரவு பார்க்கிற ஆன்ட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். மதிய நேரத்தில் தனி ஆள். அவருக்கு மாண்டரினும் சந்தை மலாயும், எனக்குச் சந்தை மலாய் மட்டும். அதிலேயே அவர் சொன்னார்: "காகாக் புத்திசாலி. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால்தான் இறங்கும்." மலாயில் காகாக், நமக்குக் காக்கா. அதுவே தன் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கும் போலிருக்கிறது, இரண்டு மொழிக்காரர்களும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

மனு எழுதியவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நம் கடையில் வந்து உட்காருகிற சாம்பல் கழுத்துக் காக்கை இந்த ஊர்ப் பூர்வீகம் இல்லை. இங்கே பூர்வீகமானது முழுக் கறுப்பான, அலகு தடித்த அண்டங்காக்கை. அது காட்டோரமாக இருக்கிறது, பிராட்டா கடைப் பக்கம் வருவதில்லை. சாம்பல் கழுத்துக்காரனை 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சிலோனிலிருந்து கப்பலில் மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பித் தோட்டங்களில் இலையைத் தின்கிற புழுக்களைப் பிடித்துத் தின்னும் என்று கணக்குப் போட்டார்கள். காப்பித் தோட்டம் போய் ரப்பர் வந்தது, காக்கை போகவில்லை. சிங்கப்பூரில் இதை முதலில் பதிவு செய்தது 1948இல். துரைமார் தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றிக் கூட்டிவந்து, வேலை முடிந்த பின்னும் இங்கேயே தங்கிப் பெருகிவிட்ட கூட்டம். என் கொள்ளுத்தாத்தாவும் ஏறத்தாழ அதே காலத்தில், அதே கிள்ளானில்தான் கப்பலைவிட்டு இறங்கினார். அதனால் "வெளியூர்ப் பறவை, துரத்து" என்று மனுவில் எழுதியிருக்கிற வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் குறுகுறுப்பாகத்தான் இருந்தது. பாசத்தால் சொல்லவில்லை. வேலைக்கு வந்ததும் சோறு கிடைக்கிற இடத்தில் தங்கியதும் குற்றமென்றால் பட்டியல் நீளும்.

சுடுவதைப் பற்றி. 2000களின் தொடக்கத்தில் இந்தச் சின்னத் தீவில் ஒரு லட்சத்துக்கு மேல் வீட்டுக்காக்கைகள், அதாவது இந்தச் சாம்பல் கழுத்துக்காரர்கள், இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் காலத்தில் அதிகாரிகள் ஏற்பாட்டில், துப்பாக்கிக் கழகத்து உறுப்பினர்கள் வந்து சுடுவார்கள். பழைய வீட்டில் இருந்தபோது ஒரு காலை எனக்கு நினைவிருக்கிறது. நடைபாதையை மறித்து ஆட்கள் நின்றார்கள். டப் டப் என்று சத்தம். அப்புறம் கறுப்புப் பையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, அன்று அவள் இட்லி சாப்பிடவில்லை. எண்ணிக்கை பெரிதும் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பொதுமக்கள் பாதுகாப்பைக் கருதி 2020இல் சுடுவதையே நிறுத்திவிட்டார்கள். கீழே விளையாட்டுத் திடல், எதிரே பாலர் பள்ளி, சுற்றிலும் நூறு சன்னல். இங்கே துப்பாக்கி கேட்கிற மனுவை நகர மன்றத்தில் யார் படித்தாலும் முதலில் அதைத்தான் சிரித்துக்கொண்டே ஓரம் வைப்பார். கூடவே மற்ற நியாயமான புகாரும் ஓரமாகப் போய்விடும்.

இனி கூட்டுக்கு வருகிறேன். தலையில் தட்டு வாங்கியவர்கள் எல்லாரும் கவனித்திருப்பீர்கள், அடி விழுவது ஒரே இடத்தில்தான். மரத்தடியில் இருக்கிற அந்தக் கடைசி இரண்டு மேசைகள். மேலே கிளைக் கவையில் குச்சியும், துணி மாட்டுகிற கம்பியும், யாரோ தூக்கிப்போட்ட சிவப்பு பிளாஸ்டிக் கயிறும் சேர்த்துக் கட்டிய கூடு. அதிலிருந்து ஒரு குஞ்சு வெளியே வந்து பக்கத்துக் கிளையில் உட்கார ஆரம்பித்துவிட்டது. வாயைத் திறந்தால் உள்ளே ரோஜா நிறம். சரியாகப் பறக்கத் தெரியவில்லை, கிளையிலிருந்து கிளைக்குத் தொப்பென்று விழுகிறது. அதைப் பார்க்கிற தாய்க்கும் தகப்பனுக்கும், கீழே நடக்கிற வழுக்கைத் தலை என்னவாகத் தெரியும்?

முட்டை பொரிக்க இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். குஞ்சு கூட்டைவிட்டு இறங்க மூன்று நான்கு வாரம். நம் கூட்டில் அந்தக் கட்டம் ஏற்கெனவே முடியப் போகிறது. இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் இந்தத் தாக்குதல் தானாகவே அடங்கும். இப்போது கூட்டைக் கலைத்தால் என்ன ஆகும்? அதே சோடி பக்கத்து மரத்தில், ஒருவேளை பாலர் பள்ளி வாசல் மரத்தில், முதலிலிருந்து கட்டும். ஏழெட்டு வாரக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மரத்தை வெட்டினாலும் இதேதான். நம் வட்டாரம் முழுக்கச் சாலையோரம் பெருங்கொன்றைதான் நட்டிருக்கிறார்கள், காக்கைக்கும் கூடு கட்ட அந்த மரம்தான் ரொம்பப் பிடிக்கும். மரம் போனால் மத்தியானம் அந்தப் பக்கத்து மேசைகளில் யாரும் உட்கார முடியாத வெயில் வேறு.

யாராவது முதியவர் பயந்து விழுந்து அடிபட்டால், அல்லது குழந்தை கண்ணுக்கு ஆபத்தென்றால், தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்கள். கூட்டை அப்புறப்படுத்தட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன், நானே போன் செய்கிறேன். நாமாக ஏணி போட்டு ஏற மட்டும் வேண்டாம்.

துடைப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற அங்கிளுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர் 2006இல் ஒரு வேலை செய்தார். குகை மனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த முகமூடியை யார் போட்டுக்கொண்டு நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின. அப்போதைய துணை அதிபர் டிக் செய்னி முகமூடியோடு நடந்தபோது கண்டுகொள்ளவே இல்லை. வருஷங்கள் போயும் மறக்கவில்லை, பிடிபடாத காக்கைகளும் கற்றுக்கொண்டு கத்தின. அது வேறு வகைக் காக்கைதான். ஆனால் நம் கடையில் துடைப்பத்தோடு ஓடுகிறவர் ஒருவரே, தலையில் அதிகம் தட்டு வாங்குகிறவரும் அவரே. இது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நடங்கள் அங்கிள். காக்கை பின்பக்கமாகத்தான் பாயும், திரும்பி நேருக்கு நேர் பார்த்தால் பெரும்பாலும் விலகிவிடும்.

குயிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், போன வருஷத்து மனு ஞாபகம் வந்ததால். விடிகாலை நாலரைக்குக் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதற்கும் கையெழுத்து வாங்கினோம். இங்கே குயில் முட்டையிடுவது காக்கைக் கூட்டில். காக்கை பெருகியதைத் தொடர்ந்துதான் குயிலும் இங்கே நிரந்தரமாகத் தங்கியது. ஒரே குடும்பத் தகராறின் பேரில் இரண்டு மனு போட்டிருக்கிறோம்.

இப்போது நமக்குள் பேச வேண்டியது. ஆங்கிலத் தாளில் இல்லாத பகுதி.

அப்பா போன பிறகு முதல் ஆடி அமாவாசைக்கு அம்மா நடைவழிச் சுவரில் வாழையிலைத் துண்டு வைத்து, எள்ளும் சோறும் வடையும் போட்டு, "கா கா" என்று கூப்பிட்டார். எல்லாருக்கும் கேட்டிருக்கும். ஒரு காக்கை வந்தது. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். மறுநாள் மூன்று வந்தன. நாலாம் நாள் அம்மா வைக்காதபோதும் வந்து, கீழ்வீட்டுத் துணிக் கம்பில் உட்கார்ந்து கத்தின. காய்ந்த பருக்கை பக்கத்து வீட்டுச் செருப்பு அடுக்கில் கிடந்தது. நம் புளோக்கில் இப்படிச் செய்தது எங்கள் வீடு மட்டும் இல்லை. சனிக்கிழமைக்கு ஒரு வீடு, அமாவாசைக்கு நாலு வீடு, கீழே புல்தரையில் ரொட்டி பிய்த்துப் போடுகிற சீன அங்கிள் வேறு கணக்கு. 2020 ஜூனிலிருந்து காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது இங்கே குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் என்னை நிறுத்தியது அபராதம் இல்லை. வீட்டு வாசலில் கூப்பிட்டுச் சோறு வைத்துவிட்டு, கடையில் கூப்பிடாமல் வந்தால் துடைப்பத்தை எடுப்பது என்ன முறை? காக்கைக்கு நான்காம் மாடி நடைவழிக்கும் கீழ்த்தளத்து மேசைக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? மனிதன் தட்டு வைத்தால் வந்து எடுக்கலாம் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்.

அம்மாவிடம் சொல்லப் பயந்தேன். ஒருநாள் சொன்னேன். "அப்ப காக்கா எடுக்கலைன்னா அப்பா சாப்பிடலைன்னு அர்த்தமாடா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது அவரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அமாவாசையன்று இலையைச் சமையலறைச் சன்னலுக்கு உட்புறம் வைப்பார். வெளியே மரத்தில் ஒரு காக்கை கண்ணில் படும் வரை காத்திருப்பார். பட்டதும், "பாத்துட்டாரு, சாப்பிடுங்க" என்று எங்களுக்குப் பரிமாறுவார். சாஸ்திரம் தெரிந்தவர்கள் தப்பு என்று சொல்லலாம், அவர்கள் அம்மாவிடமே வந்து சொல்லிக்கொள்ளட்டும்.

மனுவைக் கிழிக்கச் சொல்லவில்லை. கேட்பதை மாற்றுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். நகர மன்றத்திடம், குஞ்சு பறந்து போன பிறகு, கடைக் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு கிளையை மட்டும் கழிக்கச் சொல்வோம். அதுவரை நான்கு மொழியிலும் "மேலே கூடு, கவனம்" என்று ஒரு பலகை. கடைக்காரரே, தட்டு அடுக்கைச் சாக்கடையோரத்திலிருந்து உள்பக்கத் தூணுக்கு நகர்த்துங்கள், மூன்று பக்கமும் கனத்த பிளாஸ்டிக் திரை போடுங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைக்கும் ஆன்ட்டிக்குத் துணையாக இன்னொரு ஆள் வையுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், செலவு உண்டு, தெரிந்துதான் கேட்கிறேன். தொட்டி மூடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை நேற்றே எடுத்து என் பூந்தொட்டியில் போட்டுவிட்டேன், தேட வேண்டாம்.

மரத்தடி மேசை இரண்டையும் மூன்று வாரத்துக்கு லிஃப்ட் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம் என்று கடைக்காரர் வாய் வார்த்தையாகச் சம்மதித்திருக்கிறார். கல் மேசை இல்லை, இரும்புக் கால் மேசைதான், ஆனாலும் கனம். ஒன்றைத் தூக்க நான்கு பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு, காக்கைகள் அடைந்த பிறகு, நானும் என் மருமகனும் கீழே இருப்போம். அதோடு மனுவின் புதுத்தாளையும் கொண்டுவருகிறேன். அண்ணே, உங்கள் பேனா நன்றாக எழுதுகிறது, அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நான்காம் மாடியிலிருந்து